கையால் செய்த சிறுதேர்

விளையாட்டுப் பொருளின்பால் குழந்தை உள்ளத்திற்கு இயல்பாகவே ஒரு வேட்கை உண்டு. அவ்வேட்கை காலத்தாலும் இடத்தாலும் மாறுபடுவதன்று. சங்க காலத்துச் சிறுவரும் தேர் உருட்டி மகிழ்ந்தனர். தச்சன் செய்து தந்த சிறு தேரின்மேல் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனை இழுத்துத் திரிவதிலேயே அவர்கள் இன்பம் கண்டனர் என்பதைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் உவமை வாயிலாக உணர்த்துகின்றார். பிற்காலத்தில் எழுந்த பிள்ளைத்தமிழ் நூல்களும் ஆண்பாற் பிள்ளையின் பத்துப் பருவங்களுள் இறுதியாகச் சிறுதேர்ப் பருவத்தை வைத்துப் பாடின.

குறுந்தொகை காட்டும் காட்சியில் தேரைச் செய்பவன் தச்சன், இழுப்பவன் சிறுவன். அச்சிறுவனே தச்சனும் ஆவானாயின் அவ்விளையாட்டு எத்தகையதாய் இருக்கும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அத்தகைய விளையாட்டு ஒன்று எழுபது ஆண்டுகட்கு மேலாக நடைபெற்று வருகின்றது. 'பைன்வுட் டெர்பி' என்பது அதன் பெயர். பைன் என்பது ஊசி போன்ற இலைகளையுடைய ஒரு மரம். டெர்பி என்பது இங்கிலாந்தில் 1780 முதல் நடைபெறும் குதிரைப் பந்தயத்தின் பெயர். நாளடைவில் பிற பந்தயங்களுக்கும் அது பெயராயிற்று. ஆகவே, பைன் மரத்தால் செய்த சிறு கார்களின் பந்தயம் என்பதே இத்தொடரின் பொருளாகும்.

இவ்விளையாட்டுத் தோன்றிய வரலாறு ஒரு தந்தையின் அன்பிலிருந்து தொடங்குகின்றது. சாரணர் இயக்கத்தில் இளஞ்சிறுவர்க்கென அமைந்த பிரிவினரைக் குருளையர் என்று தமிழில் வழங்குவர். கலிபோர்னியா மாநிலத்தில் மன்ஹாட்டன் பீச் என்னும் கடற்கரை ஊரில் டான் மர்பி என்பவர் குருளையர் குழு ஒன்றின் தலைவராக விளங்கினார். அவருக்குப் பத்து வயதில் ஒரு மகன் இருந்தான். அக்காலத்தில் அந்நாட்டுச் சிறுவரிடையே சோப்புப் பெட்டிப் பந்தயம் என்பது பெரும்புகழ் பெற்றிருந்தது. சிறுவர் தாமே செய்த வண்டியில் ஏறி அமர்ந்து, எஞ்சினின் துணையின்றி, மேட்டிலிருந்து சரிவில் ஓட்டி வரும் பந்தயம் அது. 1933இல் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் தோன்றி, 1935 முதல் ஆக்ரன் நகரில் அது நிலைபெற்றது. மர்பியின் மகனுக்கோ அதில் கலந்துகொள்ளும் வயது இன்னும் வரவில்லை.

வயது வரும் வரையில் காத்திரு என்று கூறி மகனை அடக்கிவிடுதல் எளிது. மர்பி அவ்வாறு செய்திலர். சிறுவன் ஏறி அமரும் வண்டிக்கு மாறாக, சிறுவனின் கைக்குள் அடங்கும் வண்டி ஒன்றை அவர் வகுத்தார். தாம் பணிபுரிந்த நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்னும் வானூர்திக் கம்பெனியின் மேலாளர் மன்றத்தாரை அணுகி, அவர்களுடைய ஆதரவையும் பெற்றார். 1953ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் அவ்வூர்ச் சாரணர் இல்லத்தில் முதற்பந்தயம் நடந்தது. ஓடுபாதையின் நீளம் 31 அடி, தடங்கள் இரண்டு. எந்தக் கார் முந்தியது என்பதை அறிவிக்க, வீட்டு வாயிலில் பொருத்தும் அழைப்பு மணிகளைக் கொண்டு மின்கலத்தால் இயங்கும் ஒரு கருவியையும் அமைத்திருந்தனர். 1954 அக்டோபரில் 'பாய்ஸ் லைஃப்' என்னும் சாரணர் இதழ் இவ்விளையாட்டின் செய்தியையும் செய்முறையையும் வெளியிட்டது. அதன்பின் நாடெங்கும் குருளையர் குழுக்கள் இதனை மேற்கொண்டன. தொடக்கத்தில் சிறுவர்க்கே உரியதாயிருந்த இப்பந்தயத்தில், 2018இல் குருளையர் பிரிவில் சிறுமியரும் சேர்க்கப்பட்டபின், அவர்களும் கலந்துகொள்கின்றனர்.

தந்தையும் மகனும் நெருங்கிப் பழகவேண்டும். மகனுக்குக் கைத்தொழிலில் நாட்டம் உண்டாகவேண்டும். வெற்றியையும் தோல்வியையும் ஒத்த மனத்தோடு ஏற்கும் பண்பு வளரவேண்டும். இம்மூன்றே மர்பியின் நோக்கங்கள். முதலில் யார் வந்தார் என்பது இம்மூன்றனுள் ஒன்றன்று என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இனி, அச்சிறு கார் உருவாகும் முறையைக் காண்போம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே வகையான பொருள்களே தரப்பெறும். அவை ஒரு பைன் மரத்துண்டும், நான்கு பிளாஸ்டிக் சக்கரங்களும், அச்சாக அமையும் நான்கு ஆணிகளுமே. மரத்துண்டின் நீளம் 7 அங்குலம். செய்து முடித்த காரின் எடை 5 அவுன்சுக்கு, அதாவது ஏறத்தாழ 142 கிராமுக்கு, மேற்படலாகாது என்பது பொதுவான விதி. எஞ்சின் இல்லை, முறுக்குக் கம்பி இல்லை, கையால் தள்ளுதலும் இல்லை. புவியின் ஈர்ப்பு ஒன்றே அதனை ஓட்டும் ஆற்றல்.

குழந்தை முதலில் ஒரு தாளில் தன் காரின் உருவத்தை வரைகின்றது. ஒன்று மீன் போல் இருக்கும். ஒன்று அம்பு போல் இருக்கும். பிறிதொன்று பாலாடைக் கட்டியின் துண்டு போலவே இருக்கும். வரைந்ததை மரத்தின்மேல் படியெடுத்த பின்னர், ரம்பத்தால் அறுக்கும் வேலை தொடங்குகின்றது. அடுத்து, மர அரத்தால் மூலைகளை மழுக்க வேண்டும். அதன்பின் உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நயமான தாள், இறுதியில் மிக நயமான தாள் என்று முறையே தேய்த்தால்தான் மரம் வழவழப்பாகும். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டிய குழந்தை, வண்ணம் பூசியதும் தான் விட்ட கீறல்களெல்லாம் வெளிப்பட்டு நிற்பதைக் காணும். மரம் எதனையும் மறைப்பதில்லை. பொறுமை என்னும் பண்பை அம்மரத்துண்டைப் போல் தெளிவாகக் கற்பிக்கும் ஆசிரியர் அரியர்.

கண்ணுக்குத் தெரியும் உருவத்தைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத அச்சே காரின் ஓட்டத்தை மிகுதியும் அறுதியிடுகின்றது. ஆணியின் தலைக்குக் கீழே, அதனைச் செய்யும்போது உண்டான சிறு பிசிறுகள் இருக்கும். அவற்றை அராவி மெருகிடாவிட்டால் சக்கரம் உரசி நின்றுவிடும். நான்கு ஆணிகளும் நேராகப் பதிந்திருத்தல் வேண்டும். ஒன்று கோணினாலும் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடத்தின் நடுவே உள்ள வழிகாட்டும் சட்டத்தில் மோதி மோதி விரைவை இழக்கும். பென்சிலில் உள்ள கிராபைட்டுத் தூளை அச்சில் இட்டு உராய்வைக் குறைப்பதும் உண்டு.

எடையைப் பற்றியும் அறிய வேண்டியது ஒன்று உண்டு. விதி இசைந்த அளவுக்கு நிறைவான எடையுடைய காரே பெரும்பாலும் முந்துகின்றது. கனமான பொருள் விரைவாக விழும் என்பதன்று இதற்குக் காரணம். காற்றின் தடை இல்லையேல், கனமான பொருளும் இலேசான பொருளும் ஒரே விரைவில் விழும் என்பது கலீலியோ காலத்திலிருந்து அறிஞர் கண்ட உண்மை. ஆயின், ஓடும் காரைக் காற்று எதிர்க்கின்றது. சக்கரங்களைச் சுழலச் செய்வதற்கும் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகின்றது. எடை மிகுந்தால் காருக்குக் கிடைக்கும் ஆற்றல் மிகும். இவ்விரு செலவுகளோ அந்த அளவுக்கு மிகுவதில்லை. வரவு பெருகியும் செலவு பெருகாத இல்லறத்தானைப் போலக் கனமான கார் நன்மை அடைகின்றது. அவ்வெடையைக் காரின் பின்பகுதியில் பதித்தல் இன்னும் சிறப்பு. சரிவின் உச்சியில் நிற்கும்போது காரின் பின்பகுதியே மிக உயரத்தில் இருக்கும். அங்கு வைத்த எடை மிகுதியான உயரத்திலிருந்து இறங்குவதால் மிகுதியான ஆற்றலைத் தருகின்றது. அளவு கடந்து பின்னே வைத்தாலோ, முன்சக்கரங்கள் தடத்தில் நன்கு படியாமல் கார் தள்ளாடும். இயற்பியல் நூலில் பல பக்கங்களில் விளங்காத செய்தி, ஒரு மாலைப்பொழுதில் ஒரு மரத்துண்டால் விளங்கிவிடுகின்றது.

இத்துணைச் சிறப்புடைய விளையாட்டில் இடர் ஒன்றும் உண்டு. அது குழந்தையின் கையிலிருந்து வருவதன்று. தந்தையின் கையிலிருந்தே வருவது.

மகன் ரம்பம் பிடிக்கும்போது கோடு கோணுகின்றது. அதைக் கண்ட தந்தை, "இப்படிக் கொடு, நான் அறுத்துக் காட்டுகிறேன்" என்கின்றார். அன்பினால் கூறிய சொல்தான் அது. ஆனால் வாங்கிய ரம்பம் மீண்டும் மகன் கைக்கு வருவதில்லை. பிறகு அரம் செல்கின்றது. அதன்பின் உப்புத்தாள் செல்கின்றது. இறுதியில் வண்ணம் எது என்று கேட்பதற்கு மட்டுமே மகன் வேண்டப்படுகின்றான். கார் ஒளி வீசுகின்றது, பந்தயத்தில் முந்துகின்றது, மகன் கையில் பரிசு திகழ்கின்றது. அவையோர் கைதட்டுகின்றனர். ஆயினும், "இதை நீ எப்படிச் செய்தாய்?" என்று தோழன் ஒருவன் கேட்கும்போது அச்சிறுவனால் விடை கூற முடிவதில்லை. பிறர் கேட்கக் கூசும் கேள்வியை அவன் உள்ளமே அவனைக் கேட்கின்றது. பரிசு அவனுடையது, வெற்றி அவனுடையதன்று.

இதனால் விளையும் தீங்கு அவ்வொரு சிறுவனோடு நிற்பதில்லை. பக்கத்துத் தடத்தில் வேறொரு சிறுவனின் கார் நிற்கின்றது. அவன் வீட்டில் நல்ல கருவிகள் இல்லை. உடனிருந்து கற்பிக்கத் தந்தைக்கு ஓய்வு இல்லை. ஒருகால், தந்தையே இல்லை. கோணலாக அறுத்து, வண்ணம் வழிந்து நிற்கும் அவனுடைய கார், ஒரு சிறுவனின் காரோடு போட்டியிடவில்லை. தேர்ந்த தொழிலாளர் ஒருவரின் காரோடு போட்டியிடுகின்றது. அங்கே அவன் தோற்பது வியப்பன்று. 'என் கை எதற்கும் உதவாது' என்று அவன் எண்ணி வீடு திரும்புவானாயின், அதுவே பெருந்தீங்கு. முதற்பந்தயம் எழுந்த நோக்கத்திற்கு நேர்மாறானது அது.

இத்தீங்கைத் தடுக்கப் பல குழுக்களில் நல்ல வழிகள் கையாளப்படுகின்றன. கருவிகள் உள்ள ஓரிடத்தில் எல்லாக் குழந்தைகளையும் ஒருநாள் கூட்டி, அங்கேயே காரைச் செய்யச் சொல்வது ஒரு வழி. கார் செய்யும் ஆசையை அடக்க முடியாத பெரியோர்க்கென்றே தனிப்பந்தயம் நடத்துவது மற்றொரு வழி. விரைவுக்கு மட்டுமன்றி, உருவத்தின் புதுமைக்கும் வண்ணத்தின் அழகுக்கும் பரிசு வழங்குவது பிறிதொரு வழி.

அங்ஙனமாயின் பெரியோர் விலகி நிற்பதே தக்கதோ? அதுவும் தக்கதன்று. கூரிய கருவியைக் குழந்தையிடம் தனியே விட்டுச் செல்பவர் நல்ல தந்தை ஆகார். உதவி வேண்டும்; அதற்கு ஓர் அளவும் வேண்டும். பழைய திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுத்துப் பழக்கிய ஆசிரியர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாவார். அவர் மாணவனுடைய விரலைப் பிடித்து 'அ' என்று எழுதச் செய்தார். மணலில் பதிந்தது மாணவனின் விரலே. அதனை நடத்தியதுதான் ஆசிரியரின் கை. சில நாள்களில் அப்பிடி தளர்ந்தது; பின்னர் விலகியது. எழுத்து மாணவனுடையதாயிற்று. தச்சுப் பட்டறையிலும் தந்தைக்குரிய நெறி இதுவே. ரம்பத்தின் பிடியில் மகனின் கை இருக்கட்டும். அதன்மேல் தந்தையின் கை சிறிதுபொழுது இருக்கட்டும். கோடு சற்றுக் கோணினும் குற்றமில்லை. அக்கோணல் மகனுடைய கோணல். அடுத்த ஆண்டு அதனை அவனே திருத்திக்கொள்வான்.

பந்தய நாளில் கார்கள் சரிவின் உச்சியில் வரிசையாக நிற்கின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்திய முளைகள் ஒருங்கே கீழே சாய்கின்றன. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகின்றது. பல நாள் உழைப்பின் பயன் இச்சில நொடிதானா என்று ஐயுறுவோர் உளர். உழைப்பின் பயன் அந்நொடிகளில் இல்லை. அறுத்த மாலைகளிலும், தேய்த்த இரவுகளிலும், "இங்கே இன்னும் சிறிது தேய்க்க வேண்டும் அப்பா" என்று மகன் தானே கண்டு கூறிய அந்தப் பொழுதிலும் அது முன்னமே கிடைத்துவிட்டது. அங்ஙனம் செய்த கார் இறுதியாக வந்தாலும், அச்சிறுவன் அதனை எறிந்துவிடுவதில்லை. கையில் எடுத்துத் துடைக்கின்றான். சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கின்றான். எந்த அச்சு உரசியது என்று ஆராய்கின்றான். தோல்வியில் அழுது நில்லாமல் அதன் காரணத்தைத் தேடத் தொடங்கும் பிள்ளை, தோற்றவன் ஆகான்.

பிள்ளைகளுக்குப் பொருளைத் தேடித் தரும் பெற்றோர் பலர். வெற்றியையும் தாமே தேடித் தர விழைவோரும் உளர். பொருளைக் கொடுக்கலாம், கருவியைக் கொடுக்கலாம், அறிவுரையும் கொடுக்கலாம். செய்து முடித்தேன் என்னும் பெருமிதம் ஒன்றை மட்டும் எவரும் எவருக்கும் கொடுக்க இயலாது. அதனைத் தன் கையால் செய்தே ஒவ்வொருவனும் பெறல் வேண்டும்.