குளிர்காயும் தொலைவு

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நல்லாசிரியரின் இலக்கணத்தைக் கூறப் புகுந்தவிடத்து, அவரை நிலத்திற்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார். ஆசிரியராகத் தகாதவரைச் சுட்டுமிடத்திலும் நான்கு உவமைகளை வைத்தார். அவற்றுள் முடத்தெங்கு என்பது ஒன்று. ஒருவன் தோட்டத்தில் வேர்விட்டு, அவன் ஊற்றிய நீரைக் குடித்து வளர்ந்து, வளைந்து சென்று அடுத்தவன் முற்றத்தில் காயை உதிர்க்கும் தென்னை அது. தென்னை மலிந்த இம்மலைநாட்டில் வாழ்கின்ற நமக்கு அவ்வுவமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மாணவனின் இலக்கணத்தைச் சொல்லும்போது முனிவர் வேறோர் உவமையை எடுத்தாள்கிறார். ஆசிரியரிடத்து மாணவன் தீக்காய்பவனைப் போல நடந்துகொள்ள வேண்டுமாம். மிக விலகினால் குளிர் போகாது. மிக நெருங்கினால் மேனி வெந்துவிடும். வேந்தரைச் சார்ந்து வாழ்வோர்க்கு வள்ளுவர் சொன்ன உவமையை இவர் பள்ளிக்குக் கொண்டுவந்தார். இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அக்காலத்தில் தொலைவை அளந்து நிற்கும் பொறுப்பு மாணவன் தலையில் இருந்தது. இக்காலத்திலோ அப்பொறுப்பு ஆசிரியரிடம் வந்து சேர்ந்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர் மாணவரை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் விலக்கியது. தனிப்பயிற்சி நடத்துவதையும் தடுத்தது. 2012ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம், குழந்தைக்குத் தீங்கிழைப்பவர் அது பயிலும் பள்ளியைச் சேர்ந்தவராயின் தண்டனையைக் கூட்டியது. குளிர்காய வந்த பிள்ளை எட்ட நின்றால் மட்டும் போதாது; தீயும் தன் அளவறிந்து எரிய வேண்டும் என்றாகிவிட்டது. இம்மாற்றம் மிகவும் சரியானது என்பதே என் துணிபு.

சொந்த ஊரில் பணிபுரியும் ஆசிரியர்க்கு இவ்வெல்லையை ஊரே வகுத்துத் தருகிறது. அவர் யார் மகன், யார் மருமகன், எந்தத் தெருவில் எவருடன் பேசுவார் என்பதெல்லாம் எல்லார்க்கும் தெரியும். மாலையில் திண்ணையில் அமர அவர்க்குச் சுற்றத்தார் உண்டு; பொழுதுபோக்க மாணவன் வீட்டுக்குப் போக வேண்டிய தேவை இல்லை. கடல் கடந்தோ மலை கடந்தோ போன ஆசிரியர்க்கு அந்த வேலி கிடையாது. அவரோடு பேசக்கூடியவர்கள் அவரிடம் படிக்கும் பிள்ளைகளும் அப்பிள்ளைகளின் பெற்றோரும்தாம். அவர்க்கு வீடு வாடகைக்கு விட்டவர், நோயுற்றபோது கஞ்சி கொடுத்தவர், படகுத்துறைக்கு வந்து வழியனுப்பியவர் எல்லாரும் அவர்களே. அன்பும் அவர்களிடமிருந்தே வருகிறது. மதிப்பெண்ணும் அவர்களுக்கே போகிறது. இந்த இக்கட்டை நான் என் தமக்கையாரின் வாழ்வில் அருகிருந்து கண்டவன்.

அதைச் சொல்வதற்குமுன் பேரூர்க்கடையைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். நான் திருவனந்தபுரத்தில் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தன். குடியிருப்பது பொன்முடி மலைக்குப் போகும் வழியிலுள்ள வித்துராவில். நாள்தோறும் என் பேருந்து சுள்ளிமானூர், நெடுமங்காடு வழியாகப் பேரூர்க்கடையைக் கடந்துதான் நகருக்குள் நுழைகிறது. அந்தப் பேரூர்க்கடையிலேதான் மனோன்மணீயம் பாடிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஓர் இல்லம் எழுப்பி, அதற்குத் தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரால் ஹார்விபுரம் என்று பெயர் சூட்டினார். 1855இல் ஆலப்புழையில் பிறந்த தமிழர் அவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் பயின்று, பின்பு அங்கேயே தத்துவம் பயிற்றியவர். ஹார்வியோ மேனாட்டிலிருந்து வந்து திருவிதாங்கூரில் பாடஞ்சொன்ன அயலவர். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தைச் சுந்தரனார் அவருக்கே உரிமையாக்கினார். அந்நூலின் தமிழ்த்தெய்வ வணக்கம் 1970இல் தமிழ்நாட்டரசால் வாழ்த்துப் பாடலாக ஏற்கப்பட்டதை அறிந்த நம்மவருள், அந்நூல் எவர்க்கு உரிமையாக்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே.

நான் பேருந்தின் சாளரத்தோரம் அமர்ந்து எண்ணுவது இதுதான்: அயல்நாட்டு ஆசிரியர் ஒருவர் மாணவனிடமிருந்து பெறத்தக்க காணிக்கைகளுள் இவ்விரண்டுக்கும் மேலானது ஒன்று இருக்க முடியாது. ஆயினும் அவை இரண்டும் எப்போது வந்தன? தேர்வும் மதிப்பெண்ணும் முடிந்து, மாணவன் தானே பேராசிரியன் ஆன பின்பு வந்தன. காலம் மாறி வந்திருந்தால் அதே காணிக்கைக்கு வேறு பெயர் வைத்திருப்போம். எங்கள் அலுவலகத்தில் 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளைப் புரட்டிப் புரட்டி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அதன் பதின்மூன்றாம் விதி அன்பளிப்பைப் பற்றியது. எப்போதாவது உண்ணும் ஒருவேளை உணவும், வழியில் ஏற்றிச் செல்லும் வண்டிப் பயணமும் அன்பளிப்பாகா என்று அவ்விதி பெருந்தன்மையோடு கூறுகிறது. அலுவல் தொடர்புடையவர் அடிக்கடி அளிக்கும் விருந்தைத் தவிர்க்க வேண்டும் என்றும் அதுவே கூறுகிறது. ‘எப்போதாவது’ என்பதற்கும் ‘அடிக்கடி’ என்பதற்கும் இடையிலே எத்தனை வேளைச் சோறு என்பதை மட்டும் எந்த விதியும் சொல்வதில்லை.

என் தமக்கையார் கணித ஆசிரியை. மாலத்தீவின் பள்ளிகளில் நம்மவரும் மலையாளிகளும் நெடுங்காலமாகப் பணியாற்றி வருவதை இவ்வூரார் நன்கறிவர். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒருமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் மாலே வந்துவிடும். அங்கிருந்து இவர் பணியாற்றிய தீவுக்குப் போவதற்குத்தான் பொழுது பிடிக்கும். படகை அங்கேயும் தோணி என்றே அழைக்கிறார்கள் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தச் சொல் ஒன்றே அவருக்கு முதல் வாரத்தில் ஆறுதலாக இருந்ததாம்.

தீவு சிறியது, விடுதி ஏதும் இல்லை. வாடகைக்குக் கிடைத்த அறை, பத்தாம் வகுப்பில் அவரிடமே படிக்கும் ஒரு மாணவனின் வீட்டுப் பின்கட்டு. அவ்வீட்டுத் தாயார் நல்லவர். மீன் சாறும் சோறும் நாள்தோறும் மூடிவைத்து அனுப்பினார். இரண்டாம் மாதம் வாடகை வேண்டாம் என்றார். அவ்வாண்டின் இறுதியில் பையன் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுத வேண்டியவன். அம்மையாரின் மனத்தில் சூது எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை, அக்காவும் நினைக்கவில்லை. ஆயினும் அவர் வாடகையை ஒன்றாம் தேதியே கையில் கொடுத்து ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டார். உணவு வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் போதும் என்று பணிவாகச் சொன்னார். பையனின் மதிப்பெண்ணைப் பற்றி வீட்டு முற்றத்தில் பேசுவதில்லை, பள்ளிக்கு வந்தால் பேசலாம் என்றார். பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலையில் பாடஞ்சொன்னார். அதுவும் பள்ளித் தாழ்வாரத்தில், எல்லாரையும் ஒருங்கே அமர்த்தி.

இவற்றுள் உணவை மறுத்ததுதான் மிகவும் புண்படுத்தியது. அவ்வம்மையார் ஏறத்தாழ இரண்டு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை. மற்றொரு வீட்டுப் பெண்கள், இந்திய ஆசிரியைக்குச் செருக்கு என்று தம்முள் பேசிக்கொண்டது மாணவியர் வாயிலாகக் காதுக்கு வந்தது. நாற்புறமும் கடல், பேச ஒரு முகம் இல்லை. அக்காலத்தில் அவர் தொலைபேசியில் என்னிடம், “தம்பி, இங்கே நான் யாரோடும் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனாலும் எல்லாரும் என்னோடு கோபித்துக்கொண்டது போல இருக்கிறது” என்றார். சோற்றுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டுமா அக்கா என்று நான் கேட்டேன். இன்றும் அக்கேள்வியை நான் விட்டுவிடவில்லை. ஒரு கிண்ணம் மீன் சாற்றில் ஒரு மதிப்பெண்ணும் கரைந்திருக்காது என்பது என் கருத்து. “எனக்கு அது தெரியும். மற்ற முப்பது பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்?” என்பது அவர் விடை. துலாக்கோல் சரியாக இருந்தால் போதாது, சரியாக இருப்பதை எதிரில் நிற்பவன் பார்க்கவும் வேண்டும் என்பது அவர் கட்சி.

அவ்விதிகள் அனைத்தும் ஓரிரவில் சோதனைக்கு உள்ளாயின. நள்ளிரவுக்குப் பின் பின்கட்டுக் கதவு தட்டப்பட்டது. வெளியே அந்தப் பையன், நெற்றியில் காயம், அழுகை. வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் குடும்பச் சண்டையில் அவன்மேல் கைவைத்துவிட்டார். உள்ளே விடுங்கள் மிஸ் என்கிறான். பதினாறு வயதுப் பிள்ளை, தனியே வாழும் அயல்நாட்டுப் பெண், நள்ளிரவு. கதவைத் திறவாதிருந்தால் விதி காக்கப்பட்டிருக்கும். திறந்து உள்ளே அழைத்திருந்தால் இரக்கம் காக்கப்பட்டிருக்கும். அவர் இரண்டையும் செய்யவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு தாம் வெளியே வந்தார். அவன் கையைப் பற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தார். அங்கே இருந்தவர் சுகாதார நிலையத்துச் செவிலியம்மை. அவரை எழுப்பிக் காயத்துக்கு மருந்திட்டு, மூவரும் விடியும்வரை முற்றத்திலேயே அமர்ந்திருந்தனர். காலையில் முதல் வேலையாகத் தலைமையாசிரியரிடம் நடந்ததை எழுத்தில் கொடுத்தார். அவர் அதை உரிய அலுவலர்க்கு அனுப்பினார். உறவினர் அடுத்த தோணியில் ஊர் போய்ச் சேர்ந்தார்.

தொழில்முறை எல்லை என்றால் கதவை அடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அக்கா அன்று செய்தது, கதவைத் திறந்து இன்னொருவரையும் கூட அழைத்தது. அவ்வெழுத்து மூலமான அறிக்கையும் அப்படித்தான். அஃது இல்லாமல் போயிருந்தால், நள்ளிரவில் மாணவனோடு ஆசிரியை நடந்தாள் என்ற பாதிக் கதை மட்டும் தீவைச் சுற்றி வந்திருக்கும். அயல்நாட்டில் பணிபுரிபவரின் விசா பெரும்பாலும் அவ்வேலையோடு கட்டப்பட்டது. ஒரு பெற்றோரின் முறையீடு போதும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனவே எல்லை மாணவனை மட்டும் காப்பதன்று.

வளைகுடா நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. அங்கே தனிப்பயிற்சியில் வரும் வருவாய் சம்பளத்துக்கு நிகராகிவிடுவதை நம்முள் பலர் உறவினர் வாயிலாக அறிவர். ஐக்கிய அரபு அமீரகம் 2023 டிசம்பரில் தனிப்பயிற்சிக்கென்றே ஓர் உரிமத்தை ஏற்படுத்தி, பெறுவோர் நடத்தை நெறியொன்றில் ஒப்பமிட வேண்டும் என்றது. முற்றிலும் தடுப்பதைக் காட்டிலும் வெளிச்சத்தில் நடத்த விடுவது நல்லது என்று எண்ணினார்கள் போலும். இருட்டில் நடப்பதை எங்கள் விதிப்புத்தகத்தாலும் தடுக்க முடிந்ததில்லை. கைப்பேசி வந்தபின் மற்றொரு தொல்லை. அக்கா தம் பணிக்காலத்தின் இறுதியாண்டுகளில் பள்ளி தொடங்கிய வாட்ஸ்அப் குழுவைத் தவிர வேறெதிலும் மாணவர்க்கு மறுமொழி எழுதியதில்லை. இரவு ஒன்பது மணிக்குமேல் அதிலும் எழுதியதில்லை.

பணி முடிந்து வந்தபின் அவர் எங்களுடன் வித்துராவிலேயே இருக்கிறார். மாலையானால் மலையிலிருந்து குளிர் இறங்கும். ஏழெட்டுப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தோடு திண்ணைக்கு வந்துவிடுவர். இப்போது அவர் எப்பள்ளியிலும் ஆசிரியை அல்லர். எச்சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. ஆயினும் பணம் வாங்குவதில்லை. பாடம் திண்ணையில்தான், உள்ளறையில் அன்று. அப்பிள்ளைகளுள் ஒரு பெண்ணின் மூதாதையர் தேயிலை கிள்ளப் போணக்காட்டுக்கு வந்த தமிழர். தோட்டத்து ஆலை ஓய்ந்து கிடக்கிறது. தந்தையார் கீழே இறங்கிவந்து கிடைத்த வேலையைச் செய்கிறார். வீட்டிலே தமிழ், பள்ளியிலே மலையாளம், கணக்கு மட்டும் ஆங்கிலத்தில் என்று அக்குழந்தை மூன்று படகில் கால் வைத்திருக்கிறது. அது தமிழில் தன் ஐயத்தைக் கேட்கும்போது அக்காவின் முகம் மலர்வதை நான் கண்டிருக்கிறேன். மறுகணமே அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பி மலையாளத்தில் அதே கணக்கைச் சொல்வதையும் கண்டிருக்கிறேன். தாய்மொழியும் ஒரு மீன் சாறுதான் போலும்.

சென்ற ஆண்டு அக்குழந்தையின் தந்தையார் ஒரு வரிக்கைப் பலாவைத் தோளில் சுமந்து வந்தார். “டீச்சரம்மா, நம்ம ஆளு நீங்க. வேண்டாம்னு சொல்லப்படாது” என்றார். அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை. கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அங்கேயே திண்ணையில் பழத்தைப் பிளந்து, சுளைகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் எண்ணிக் கொடுத்தார்; கொண்டுவந்தவர்க்கும் நான்கு சுளை. அவர் சிரித்துக்கொண்டே தின்றார்.

மாலத்தீவார் பலர் மருத்துவத்துக்குத் திருவனந்தபுரம் வருவது வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவின் அம்மையார் கண் சிகிச்சைக்கு வந்தார். உடன் வந்தவன் அதே பையன். இப்போது மாலேயில் வேலை பார்க்கிறான். நெற்றியில் தழும்பு புருவத்தருகே மெலிதாகத் தெரிந்தது. வாடகை வண்டி பிடித்து வித்துரா வரை வந்துவிட்டார்கள். அம்மையார் பேசிய திவேகியும் அக்காவின் அரைகுறைத் திவேகியும் எனக்கு விளங்கவில்லை. புறப்படும்போது ஒரு பொதியை அக்கா கையில் வைத்தார். முழங்கை நீளத்தில் நல்ல மாசிக்கருவாடு ஆறு துண்டு. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் இரு கைகளாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அன்றிரவு எங்கள் வீட்டில் மாசிச் சம்பல். திண்ணைப் பிள்ளைகள் எவரையும் அழைக்கவில்லை.