எங்கள் ஆமைக் காரும் மலைக் காற்றும்

 

லிந்துலை பஜாரில் சில மாதங்களாக என்னிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பவர்களை விட, காரைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். "சேர், உங்கட ஆமையில இப்ப புகையைக் காணல்லையே, எஞ்சினை மாத்திட்டீங்களா?" ஆளுக்கொரு பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

எஞ்சினை மாற்றவில்லை. அதே ஏர்கூல்ட் வொக்ஸ்வேகன் எஞ்சின்தான். கார் 1965 ஆம் ஆண்டு பீட்டில். கடை நடத்திய காலத்தில், ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத்து உத்தியோகத்தரிடம் வாப்பா வாங்கியது. பழைய எஞ்சின் தேய்ந்தபோது 1584 சிசி எஞ்சினாகக் கட்டி, 6 வோல்ட் வயரிங்கையும் 12 வோல்ட்டுக்கு மாற்றியவரும் வாப்பாதான். நான் செய்தது ஒன்றுதான். காபரேட்டரைக் கழற்றிவிட்டு, கம்பியூட்டரில் ஓடும் எரிபொருள் பாய்ச்சலை, அதாவது இன்ஜெக்ஷனைப் போட்டேன்.

ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். 2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் மாதக் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். வாப்பாவை நுவரெலியாவுக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். புதுக் கார் வாங்கலாம் என்றால் 2020 இலிருந்தே இறக்குமதித் தடை. இருக்கிற ஆமையை வைத்துத்தான் காலத்தை ஓட்ட வேண்டும். அது லீற்றருக்கு 9 கிலோமீற்றர்தான் ஓடியது. பின்னால் கறுப்புப் புகை வேறு.

அந்தப் புகைக்குக் காரணம் காபரேட்டர் பழுதானதல்ல, நமது மலைதான். பத்தாம் வகுப்பில் வளிமண்டல அமுக்கம் படிப்பிக்கிறோமே, அதேதான் விஷயம். அவிசாவளையில் ஏற்றம் தொடங்கும் இடம் கடல் மட்டத்துக்குப் பக்கம். ஹட்டன் கிட்டத்தட்ட 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டரின் ஜெட் என்பது ஒரே அளவான துளை. காற்று மெலிந்தது அதற்குத் தெரியாது. அதனால் மேலே ஏற ஏற, தேவைக்குப் பத்தில் ஒரு பங்கு போலப் பெற்றோல் கூடுதலாகப் போகும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவும், பிளக்கைக் கறுப்பாக்கும், மிச்சம் புகையாகப் போகும்.

இன்னொன்று நமது பனிமூட்டம். காபரேட்டர் தொண்டையில் பெற்றோல் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். காற்றில் ஈரம் அதிகம் என்றால், வெளியே 10 பாகை இருந்தாலும் உள்ளே ஐஸ் கட்டும். இதைத் தடுக்கத்தான் வொக்ஸ்வேகன்காரன் காபரேட்டருக்குக் கீழே சைலன்சர் சூட்டைக் கொண்டுபோகும் ஒரு சிறிய குழாயை வைத்தான். வருஷக்கணக்கில் ஓடிய கார்களில் அந்தக் குழாய் கரி அடைத்துக் கிடக்கும். விடியற்காலையில் ராதல்லைப் பக்கம் மூச்சுத் திணறி நிற்கும் பழைய ஆமைகளுக்கு வருத்தம் பெரும்பாலும் இதுதான்.

என்னிடம் முன்பு படித்த ஒரு தம்பி, கொழும்பில் ஓட்டோ எலக்ட்ரிக் வேலை பழகி இப்போது தலவாக்கலைப் பக்கம் வேலை செய்கிறார். அவருடைய அப்பா தேயிலை ஸ்டோரில் டீமேக்கர். அந்தத் தம்பி சொன்ன விளக்கத்தை நான் வகுப்பிலும் சொல்வதுண்டு: "சேர், அப்பா மணிக்கூட்டைப் பார்த்து கொழுந்தை வாட்ட மாட்டாரு. மழை நாள்னா ஒரு கணக்கு, வெயில் நாள்னா ஒரு கணக்கு. தொட்டுப் பார்த்துதான் சொல்லுவாரு. காபரேட்டர் மணிக்கூடு சேர். இன்ஜெக்ஷன் டீமேக்கர்."

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1967 இலேயே வொக்ஸ்வேகன் தனது 1600 டைப் 3 காருக்கு, அதுவும் ஏர்கூல்ட்தான், பொஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரோனிக் இன்ஜெக்ஷனைப் போட்டது. அந்த 'டி' ஜெர்மன் மொழியில் அமுக்கத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. உள்ளே போகும் காற்றின் அமுக்கத்தை அளந்து பெற்றோல் கொடுத்தது அது. 1975 இல் அமெரிக்காவில் விற்ற பீட்டில்களுக்கும் இன்ஜெக்ஷன் வந்தது. மெக்சிகோவில் கடைசிப் பத்து வருஷமும் இன்ஜெக்ஷன் பீட்டில்கள்தான். 2003 ஜூலை 30 ஆம் திகதி புவெப்லா ஆலையில் இறங்கிய கடைசி பீட்டிலும் அப்படித்தான். நாங்கள் அந்த மெக்சிகோ அமைப்பையே பார்த்துச் செய்தோம். காபரேட்டர் இருந்த இடத்தில் காற்றை மட்டும் விடும் ஒரு திரொட்டில் பொடி. ஹெட்டுக்குப் பக்கத்தில், மெனிபோல்டின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டாக நாலு இன்ஜெக்டர். பெற்றோல் சூடான ஹெட்டுக்குப் பக்கத்தில் விழுவதால், பெற்றோல் ஆவியாகித் தொண்டையில் ஐஸ் கட்டும் பிரச்சினை அதோடு போனது.

மூளைக்கு ஸ்பீடுயினோ என்ற பெட்டி. அதன் வரைபடமும் மென்பொருளும் யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து விடப்பட்டவை. மற்றச் சாமான்கள் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் சாதாரண ஜப்பான் கார்களின் சென்சர்கள். பழுதானால் மறுநாள் வாங்கக்கூடியதைத்தான் போட வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். தண்ணீர் இல்லாத எஞ்சின் என்பதால் சூட்டை அளக்கும் சென்சரை ஹெட்டிலேயே பூட்டினோம். பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஓல்டர்னேட்டர் போட்டோம். பெற்றோல் பம்பும் பெட்டியும் கரண்ட் குடிக்கும், டைனமோவுக்கு அது தாங்காது.

மலை ரோட்டுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் எப்போதும் கையிருப்பில் நிற்கும். இன்ஜெக்ஷனுக்கு அது இல்லை. டாங்கியில் பெற்றோல் குறைவாக இருக்கும்போது கொண்டை ஊசி வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கினால், பம்ப் காற்றை இழுக்கும், எஞ்சின் வெட்டும். அதனால் நடுவில் ஒரு சிறிய சேர்ஜ் டாங்கி வைத்தோம். பம்பில் 3 பார் அமுக்கம் இருக்கிறது. பழைய துணி சுற்றிய பெற்றோல் குழாயை அதற்குப் பயன்படுத்தவே கூடாது. இன்ஜெக்ஷனுக்கென்று விற்கும் குழாயும் நல்ல கிளிப்பும் வேண்டும். எஞ்சின் நின்றால் பம்பும் தானாக நிற்க வேண்டும். பின்னால் தீப்பிடித்து எரிந்த ஆமைகளின் கதை எல்லோருக்கும் தெரியும்.

பூட்டிய பிறகுதான் உண்மையான வேலை. லெப்டொப்பை மடியில் வைத்து, சைலன்சரில் ஒட்சிசன் சென்சரைப் பூட்டி, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு பாரத்துக்கும் எவ்வளவு பெற்றோல் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். நான் ஓட்ட, தம்பி திருத்துவார். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14 பங்கு போலக் காற்று. நானுஓயா ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போது 13 க்குக் கிட்ட. அந்த இடத்தில் பெற்றோலை மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது. ஏர்கூல்ட் எஞ்சினுக்குப் பெற்றோலும் ஒரு குளிர்ச்சி. பாரத்தில் மெலிய விட்டால் மிச்சம் பிடித்த காசை விடப் பல மடங்கு எக்ஸோஸ்ட் வால்வுக்கும் ஹெட்டுக்கும் கொடுக்க நேரும். மிச்சம் பிடிப்பது இறக்கத்தில்தான். காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது பெட்டி பெற்றோலை முழுதாக வெட்டிவிடும். நுவரெலியாவிலிருந்து லிந்துலைக்கு வருகிற வழியில் எவ்வளவு தூரம் இறக்கம் என்று உங்களுக்குத் தெரியும்தானே. இப்போது லீற்றருக்கு 12 க்குக் கொஞ்சம் கீழே கிடைக்கிறது.

பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டால், திரையில் வெளிக்காற்றின் அமுக்கம் தெரியும். அவிசாவளையில் 100 கிலோபாஸ்கலுக்குக் கிட்ட, நமது ஊரில் 87 அளவில், நுவரெலியாவில் 81 அளவில். நான் குறித்துக்கொண்டு வந்ததை வகுப்பில் வரைபாக வரைந்தார்கள். லயத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அப்ப நம்ம மூச்சும் இப்படித்தான் கணக்குப் பார்க்குமா?" அன்றைக்கு உயிரியல் பாடமும் அதே மணித்தியாலத்தில் முடிந்தது.

செலவை மறைக்க மாட்டேன். ஆசிரியர் சம்பளத்தில் ஒரே தடவையில் முடிகிற வேலை அல்ல. சீட்டுக் காசு எடுத்து, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து, ஏழு மாதம் போனது.

வாப்பாவுக்கு இதில் முழு விருப்பமில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "ரோட்டுல நின்டா காபரேட்டர ஸ்குரூட்ரைவரால தொறக்கலாம் மகன். இந்தப் பெட்டிய யாரு தொறக்கிற?" நானும் தம்பியும் இருக்கும்வரை நாங்கள் திறப்போம். எங்களுக்குப் பிறகு? அதற்காகத்தான் வயரிங் முழுவதையும் தமிழில் எழுதி, படம் வரைந்து, கார் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். மேல் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது சனிக்கிழமைகளில் தம்பியிடம் பழகுகிறார்கள். வாப்பாவுக்கு அது போதவில்லை. பழைய சோலெக்ஸ் காபரேட்டரும் மெனிபோல்டும் எண்ணெய்த் துணியில் சுற்றி முன் டிக்கியில் கிடக்கின்றன, அவர் சொற்படி. கிளினிக் நாளில் விடியப்புறம் பனியில் சாவியைத் திருப்பினதும் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். முன் டிக்கியைத் திறந்து, துணிப் பொட்டலம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஏறி உட்காருவார்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. எல்லோரும் இதைச் செய்யத் தேவையில்லை. உங்கள் ஓட்டம் லிந்துலை, தலவாக்கலை, நுவரெலியா மட்டும்தான் என்றால், ஒரு அளவு சிறிய மெயின் ஜெட்டைப் போட்டு, அந்தச் சூட்டுக் குழாயின் கரியைக் குத்தி எடுத்து, டைமிங்கைப் பார்த்தாலே பாதிப் புகை போய்விடும். அதற்குப் பெரிய செலவில்லை. மலைக்கும் கொழும்புக்குமாக ஓடுபவர்கள், பக்கத்தில் பெட்டியைத் தெரிந்த ஒருவர் இருந்தால் மட்டும் இன்ஜெக்ஷனை யோசியுங்கள். வயரிங் படம் வேண்டுமானால் சொல்லுங்கள், போட்டோ எடுத்து அனுப்புகிறேன். வாப்பாவின் சுகத்துக்கு துஆ செய்யுங்கள்.