வானத்துக்கு ஆறு விநாடி

எங்கள் ஊர்ப் புகைப்படச் சங்கத்தின் மாடியறைக்குப் படியேறும்போதே ஹைப்போ நெடி மூக்கில் ஏறும். எண்பதுகளில் நான் அங்கே சேர்ந்தபோது என்னிடம் இருந்தது ஒரு அக்ஃபா கிளிக் 3. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஊட்டியில் தயாரான இந்து ஃபிலிம்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது.

டெவலப்பரையும் நாங்களே கலப்போம். டி-76க்கு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. அந்த இரண்டு கிராமை நிறுக்க ஓர் உறுப்பினர் வீட்டிலிருந்து நகைத் தராசு வரும். சல்ஃபைட்டை முந்திப் போட்டுவிட்டால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் டார்க்ரூம் அண்ணன். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மாதப் போட்டியில் அவர் ஒரு படம்கூட வைத்ததில்லை. நாங்கள் வைத்த படங்களில் பாதி அவர் பிரின்ட் போட்டவை. என்லார்ஜர் வெளிச்சத்தின் குறுக்கே இரு கைகளையும் குவித்து, நடுவில் சின்னத் துளை விட்டு, வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுப்பார். பிறகு டெவலப்பர் தட்டில் காகிதத்தை அசைக்க அசைக்க, வெறும் வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய இடத்தில் மேகம் திரண்டு வரும். அதைப் பார்க்கவே நான் சங்கத்துக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

வானம் எல்லாக் காலத்திலும் தொல்லைதான். சென்னையில் 1850களிலேயே புகைப்படச் சங்கம் உண்டு. கலைப் பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் முன்னின்று தொடங்கியது. அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகடிவ்களில் எடுத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அன்றைய தாள் நெகடிவிலிருந்து பிரின்ட் போட்டால் நீல வானம் வெளுத்துப்போகும். அதற்காக அவர் நெகடிவின் மேலேயே கையால் மேகம் தீட்டியிருக்கிறார். அவருடைய உதவியாளர் அய்யாசாமி என்று படித்தபோது எனக்கு அண்ணன் முகம்தான் வந்து நின்றது.

டிஜிட்டல் வந்து, டார்க்ரூமைக் காலிசெய்த அன்று இரண்டு நோட்டுகள் கிடைத்தன. ஒன்று மினிட் புத்தகம்: யாருக்கு எந்தப் பரிசு, யார் சந்தா பாக்கி. இன்னொன்று அண்ணனுடையது. அதில் எங்கள் ஒவ்வொரு நெகடிவுக்கும் ஒரு வரி இருந்தது. சங்கத்தின் வரலாற்றை எழுதச் சொன்னால், நான் இந்த நோட்டைத்தான் முதலில் எடுப்பேன். என் தேர்ப் படத்துக்கு நேரே பென்சிலில் எழுதியிருந்தார்:

“12 விநாடி. வடம் பிடிப்பவர் முகத்துக்குக் கை மறைப்பு 3. வானத்துக்கு இன்னும் 6. உச்சி வெயிலில் எடுக்காதே என்று தம்பியிடம் சொல்லணும்.”

கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருந்தது.