வெயிலும் மின்பெட்டியும்

காயும் கனியும் மிகுந்து கிடைக்குங் காலத்தில் அவற்றை உலர்த்தி வைத்து, அரிதாய காலத்தில் எடுத்துண்ணும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. அதன் பழமைக்கு நம் மொழியே சான்று கூறும். வாடுதல், வற்றுதல், உலர்தல், உணங்குதல், காய்தல், புலர்தல் என ஈரம் நீங்குதலைக் குறிக்க எத்துணைச் சொற்கள்! இவை ஒரு பொருளன போலத் தோன்றினும் வழங்கும் இடங்கள் வேறு வேறு. குளம் வற்றும் என்போம், உணங்கும் என்னோம். பூசிய சாந்து புலரும், பொழுதும் புலரும். வெயிலும் காய்கின்றது, அவ்வெயிலில் இட்ட நெல்லும் காய்கின்றது என, சுடுவதற்கும் சுடப்படுவதற்கும் ஒரே வினையைக் கூசாது வழங்குகின்றோம். நற்றிணையின் 45ஆம் பாட்டில், பரதவர் மகளின் தோழி, சுறாமீனை அறுத்து உலர்த்திப் பறவைகளை ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அழகு எதற்கு என்று தேருடைய செல்வனின் மகனாகிய தலைவனை விலகி நிற்கச் சொல்கின்றாள். வேதாகமத்திலோ, அபிகாயில் தாவீதுக்கென்று கழுதைகள்மேல் ஏற்றிய பொருள்களுள் நூறு திராட்சக் குலைகளும் இருநூறு அத்திப்பழ அடைகளும் உள்ளன. அவற்றை நம் தமிழ் மொழிபெயர்ப்பு வற்றல் என்றே குறிக்கின்றது. கடற்கரையாயினும் பாலைநிலமாயினும் உலர்த்துவோர்க்கு உற்ற துணை வெயில் ஒன்றே.

இத்துணைப் பழைய தொழிலில் இந்நாள் மின்விசை புகுந்துள்ளது. அது புகுந்த வீடு ஒன்றை யாம் அணித்தே இருந்து காணும் வாய்ப்புப் பெற்றோம். ஆதலின் அன்பர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்பாராக.

எம் அத்தையார் ஏரலுக்கு அணித்தாய ஒரு சிற்றூரில், தாமிரவருணியின் வாய்க்காற் கரையில் வாழ்பவர். கணவரை இழந்த பின் பதினோராண்டுகளாக வற்றல் போட்டு விற்றே தம் ஒரே மகளை வளர்த்துப் படிக்க வைத்தவர். தை பிறந்து பனி விலகத் தொடங்கியதும் அவர் தொழிலும் தொடங்கும். சுண்டைக்காய், மிளகுதக்காளி, சீனியவரை, கத்தரி, வெண்டை, மிதுக்கங்காய், மோர்மிளகாய், சித்திரை பிறந்தால் மாங்காய் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டட்டியில் ஏறும். பனையோலைப் பாயின்மேல் பழைய வேட்டியை விரித்து, அதன்மேற் காயைப் பரப்பி, காகத்திற்கும் அணிலுக்கும் ஒரு கண்ணும் மேகத்திற்கு மற்றொரு கண்ணுமாகக் காவலிருப்பார். நாளொன்றுக்கு எத்தனை முறை அம்மரஏணியில் ஏறி இறங்குவார் என்பதனை அவர் முழங்கால்களே அறியும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய அடைமழைத் திங்களில் காய்கறி விலை ஏறுங்காலத்தே அவர் சரக்கு விலைபோகும். எனவே கோடை முழுவதும் உழைத்ததன் பயன் மாரியில்தான் கைக்கு வரும்.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18ஆம் நாட்களில் பெய்த பெருமழையை இவ்வட்டாரத்தார் எவரும் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரை புரண்டு வயலும் வாழைத்தோட்டமும் தெருவும் ஒன்றாயின. அத்தையார் வீட்டில் இடுப்பளவு நீர் நின்றது. விற்பனைக்கென வைத்திருந்த வற்றல், ஏறத்தாழ முப்பது கிலோ, பானையோடும் சாக்கோடும் நீரில் மூழ்கியது. வற்றலுக்கு நீரைக் கண்டால் தன் பழைய உருவம் நினைவுக்கு வரும் போலும். உண்டு பருத்துக் கிடந்தது. நீர் வடிந்தபின் அதனை மீண்டும் உலர்த்தலாமென்றால் வெயில் இல்லை. மின்சாரமும் பல நாள் இல்லை. மூன்றாம் நாள் அனைத்தும் பூஞ்சணம் பூத்தன. தைத் திங்களில் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. அத்தையாரின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குச் சென்றது. இதற்குமேல் அதனை விரித்துரைக்க யாம் விரும்பவில்லை, அவரும் விரும்பார்.

2024ஆம் ஆண்டு மே மாதம் ஷார்ஜாவினின்று விடுமுறையில் வந்த எம் தமையனார், அத்தையாருக்கென ஒரு மின்னுலர்த்திப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதன் செருகிக்குச் சதுர முனைகள் மூன்று. எம்மூர்ச் சுவரிலோ வட்டத் துளைகள். ஆதலின் முதல் இரண்டு நாளும் அப்பெட்டி ஒரு காட்சிப்பொருளாகவே இருந்து, தெருவாரெல்லாம் வந்து பார்த்துச் செல்லுதற்குப் பயன்பட்டது. அதன் அமைப்பு மிக எளிது. பின்புறத்தே சூடேறும் கம்பிச்சுருளும் ஒரு விசிறியும். முன்னே ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து சல்லடைத் தட்டுகள். வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகி. 400 வாட் மின்விசை உண்பது. பத்து மணி நேரம் இடைவிடாது ஓடினாலும் நான்கு அலகுக்கு மேற் செல்லாது. வீட்டிணைப்புகளுக்கு இரு திங்களுக்கு 100 அலகு கட்டணமின்றி அளிக்கும் முறை 2016 முதல் தமிழ்நாட்டில் உள்ளமையால், அத்தையாருக்கு அவ்வகையில் அச்சம் நீங்கிற்று.

அத்தையார் மகள் வேதியியல் பயில்பவள். பெட்டி தொழிற்படும் முறையை அவளே எமக்கு விளக்கினாள். இலக்கணம் பயிலும் எமக்கு அது புதிய பாடமாயிருந்தது. பச்சைக் காயிற் பெரும்பகுதி நீரே. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு நீர். பத்துக் கிலோ தக்காளியை உலர்த்தினால் முக்காற் கிலோவிற்கும் குறைவாகவே எஞ்சும். அந்நீரை நம்பியே அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நீரை நீக்குதற்கு வெம்மை, காற்றோட்டம், காற்றின் வறட்சி என்னும் மூன்றும் வேண்டும். வெம்மையை ஞாயிறு தரும். ஓட்டத்தைக் கோடைக்காற்றுத் தரும். வறட்சியோ பருவத்தைப் பொறுத்தது. கார்த்திகையில் ஒருகால் வெயில் எறித்தாலும் காற்றே நீர் குடித்து நிறைந்திருத்தலின், காயினின்று மேலும் குடிக்கமாட்டாது. ஆயின் காற்றைச் சூடாக்கினால் அதன் தாகம் மிகும். நூற்றுக்குத் தொண்ணூறு ஈரப்பதம் கொண்ட 30 பாகை செல்சியஸ் காற்றினை 55 பாகைக்குச் சூடேற்றினால், அதே காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஏறத்தாழ 24 ஆகிவிடும். காற்றிலிருந்த நீர் குறையவில்லை. கொள்ளும் ஆற்றல் பெருகிற்று, அவ்வளவே. மழை கொட்டும் இரவில் அறைக்குள்ளே ஒரு பங்குனிப் பகலை ஆக்கித் தருவது இப்பெட்டி என்றால் மிகையாகாது.

வெப்பம் மிகுந்தால் விரைவில் முடியுமென்று எண்ணுதல் தவறாம். தொடக்கத்திலேயே கடுஞ்சூடு பட்டால் மேற்றோல் இறுகி, உள்ளீரம் வெளியேற வழியின்றி அடைபட்டுப் பின்னர்ப் பூஞ்சணத்திற்கு இடமாகும். காய்க்கும் கனிக்கும் 55 முதல் 60 பாகையும், கீரைக்கு 40 பாகை அளவும் போதும். வெண்டையும் சீனியவரையும் முதலில் கொதிநீரிற் சிறிது நேரம் இட்டெடுத்தால் நிறமும் மணமும் கெடா. உலர்ந்த கனியை உடனே இறுக மூடாது, கண்ணாடிக் குப்பியில் முக்காலளவிற்கும் குறைய இட்டு, ஒரு வாரம் நாடோறும் குலுக்கிவர வேண்டும். ஒரு துண்டில் மிஞ்சிய ஈரத்தை மற்றொரு துண்டு பங்கிட்டுக் கொள்ளும். குப்பியின் உட்புறம் வியர்த்தால், மீண்டும் பெட்டிக்குள் அனுப்புக.

இனி, முதற்பாகமாகச் சுண்டைக்காயை உலர்த்திய வரலாற்றைக் கூறுவோம். பெட்டியோடு வந்த கையேட்டில் சுண்டைக்காய்க்கு இடமேது? எனவே காயை இலேசாக நசுக்கி உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைத்து, மாலையிற் பெட்டியில் இட்டு, இரவு முழுதும் ஓடவிட்டாள் மகள். விடியற்காலையிற் பார்க்கக் கலகலவென்று காய்ந்திருந்தது. நான்கு நாள் வேலை ஓரிரவில் முடிந்ததென்று அவளும் யாமும் மகிழ்ந்தோம். அத்தையார் நல்லெண்ணெயில் நான்கைந்தைப் பொரித்து வாயிலிட்டு, நெடுநேரம் ஒன்றுஞ் சொல்லவில்லை. யாம் உண்டு பார்த்தபொழுது மொறுமொறுப்புக்குக் குறைவில்லை, புளிப்பைத்தான் காணோம். கசப்பு மட்டும் தனியே எழுந்து நின்றது.

"வெயிலுக்கு இராத்திரி உண்டு மருமகனே, உங்கள் பெட்டிக்கு உண்டா?" என்றார் அத்தையார்.

அச்சொல்லின் பொருள் எமக்கு விளங்கச் சிறிது நேரம் சென்றது. தட்டட்டியிற் பகலெல்லாம் காய்ந்த சுண்டைக்காய் மாலையில் மீண்டும் மோர்ப்பானைக்குத் திரும்பும். இரவெல்லாம் ஊறி, மறுநாள் மீண்டும் வெயிலுக்கு ஏறும். மோர் முழுவதையும் காய் உண்டுமுடிக்கும்வரை இப்போக்குவரவு நடைபெறும். ஒவ்வொரு நாளும் சிறிது வறண்டு, வறண்ட இடத்தில் அன்றிரவு மோர் புகுந்து, புளிப்பு உள்வரையிற் செல்கின்றது. ஞாயிறு மறைவது உலர்த்துவோனுக்கு ஒரு குறையே. அக்குறையைக் கொண்டே நம் மூதாட்டியர் ஒரு சுவையை ஆக்கிக்கொண்டனர். மறையாத ஞாயிறு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தபொழுதுதான் இரவு செய்துவந்த வேலை இன்னதென்று எமக்குத் தெரிந்தது. எந்நூலிலும் இதனை யாம் கண்டிலோம்.

அன்று தொட்டுப் பெட்டிக்கும் இரவு விதிக்கப்பட்டது. காலையில் இயக்கி மாலை ஆறு மணிக்கு நிறுத்துவர். காய் மோருக்குப் போகும். மூன்று பகலில் வற்றல் ஆகின்றது. புளிப்பும் பழையபடியே உள்ளது. மோர்மிளகாய் மட்டும் இன்னும் இணங்கவில்லை. வெயிலிற் காய்ந்த மிளகாய் வெளுத்து யானைத்தந்த நிறம் பெறும். ஒளியே புகாத பெட்டியிலோ மங்கிய பச்சையாய் நின்றுவிடுகின்றது. உண்பவனுக்கு வேறுபாடு சிறிது, வாங்குபவனுக்குப் பெரிது. நிறம் பார்த்து விலை குறைத்துக் கேட்டார் ஒரு வணிகர். அத்தையார் கொடுக்க மறுத்து, எஞ்சியதனைத் தட்டட்டிக்கே ஏற்றினார். எமது கருத்தும் அதுவே: மிளகாயை வெயிலுக்கே விட்டுவிடுதல் நன்று.

ஒளி புகாமை முருங்கைக்கீரைக்கு வாய்ப்பாயிற்று. கீரையில் உள்ள உயிர்ச்சத்துக்களுட் சில நேர்வெயிலிற் கெடும் என்பதனால் அதனை நிழலில் உலர்த்துதலே முறை. ஈரக்காற்றில் நிழலுலர்த்தல் நாட்கணக்கில் நீண்டு இலை கறுக்கும். பெட்டியில் 40 பாகையில் ஒரு பகலிற் பச்சை நிறம் மாறாது பொடியாக்கத் தகும் பதம் பெறுகின்றது. வாழைப்பழமோ அத்தையாரின் தொழிலில் முற்றிலும் புதிது. ஆற்றங்கரையெல்லாம் வாழையாதலின், தார்கள் ஒருங்கே பழுத்து விலை விழும் நாட்கள் உண்டு. அந்நாளிற் கற்பூரவல்லியை உரித்து, விரற்கடை அளவாக அரிந்து, எலுமிச்சைச் சாற்றில் நனைத்து உலர்த்துகின்றனர். தோல் நீக்கிய நான்கு கிலோ பழம் ஒன்றேகாற் கிலோவிற்குச் சற்றுக் குறைவாக நிற்கும். பழுப்பு நிறமாய்த் தோல்போல் வளையும். இனிப்போ தேனை ஒக்கும். தெருச் சிறுவர் இதற்கு வற்றல் என்று பெயரிட மறுத்து, வாழைமிட்டாய் என்று வழங்குகின்றனர். சொல்லாக்கத்தில் அவர்கள் எம்மினும் வல்லவர்.

பெட்டியின் குறைகளையும் மறைத்தல் கூடாது. ஐந்து தட்டிலும் நிரப்பினால் இரண்டு, மூன்று கிலோவிற்கு மேற் கொள்ளாது. தட்டட்டியோ ஒரே நாளில் நாற்பது கிலோவைத் தாங்கும், கூலியுங் கேளாது. மேலும் 2023இல் வந்தது போன்றதொரு வெள்ளம் மீண்டும் வருமாயின், மின்சாரம் முதலில் நிற்கும். பெட்டியும் எம்மைப்போற் கைகட்டி நிற்கும். இதனை எண்ணியே அத்தையார் வீட்டில் பரண் ஒன்று புதிதாக அடித்துள்ளனர். சுவரில் அவ்வெள்ளம் இட்ட கோடு இன்றும் தெரிகின்றது. பரண் அக்கோட்டிற்கு இரண்டு முழம் மேலே உள்ளது. வற்றற் பானைகள் இப்பொழுது அங்கேதான் இருக்கின்றன.

ஆக, தை முதல் ஆனி வரை தட்டட்டியும், மழைக்காலத்திற் பெட்டியும் என இருவேறு ஆட்சி அவ்வீட்டில் நடைபெறுகின்றது. முன்பு சரக்கு விற்பது மட்டுமே மழைக்காலத் தொழில். இப்பொழுது அக்காலத்திலும் சிறிது சரக்கு உண்டாகின்றது. ஏணியில் ஏறும் முறையும் குறைந்துள்ளது. சங்கிலி இன்னும் மீளவில்லை. வட்டி தவறாது கட்டப்படுகின்றது. மகள் இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கவேண்டும் என்கின்றாள். அத்தையாரோ அப்பணத்திற்குத் தட்டட்டி முழுவதையும் மூடும்படி ஒரு நல்ல வலை வாங்கினால் காகமும் அணிலும் வாரா, தாமும் நண்பகலிற் சற்றுக் கண்ணயரலாம் என்கின்றார். தமையனார் இருவர்க்கும் தனித்தனியே சரியென்று தொலைபேசியிற் சொல்லிவிட்டார். அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.