புது டைனமோவா, நம்ம டைனமோவா?

எங்க பக்கம் ஆல்டர்னேட்டர்னு சொன்னா பாதிப் பேருக்குப் புரியாது. டைனமோ தான். திருத்தணியில எலக்ட்ரீஷியன் கடை போர்டைப் பாருங்க, 'செல்ஃப், டைனமோ, பேட்டரி' என்றுதான் எழுதியிருக்கும். நிஜத்தில் டைனமோ என்பது அந்தக் காலத்துக் கார்களில் இருந்த வேறு சாமான். வண்டி ஊர்ந்து போகும்போது அதிலிருந்து சரியாகச் சார்ஜ் வராது. அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பெனி 1960ல் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது, அப்புறம் மெல்ல மெல்ல எல்லாரும் அதற்கு மாறினார்கள். அதே 1960 ஏப்ரலில்தான் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர் மாநிலம் மாறிடுச்சு, வண்டிக்குள்ள சாமானும் மாறிடுச்சு, பேர் மட்டும் மாறவே இல்லை. நானும் டைனமோன்னே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

கத்திரிக்காய், வெண்டைக்காய் பற்றி எழுதுகிறவன் திடீர்னு இதை ஏன் எடுத்தான்னு நினைக்கலாம். போன வருஷம் ஆடி மாசம் எங்க ஆம்னி வண்டியில டைனமோ போச்சு. புதுசு போடறதா, பழசைச் சரிபண்றதா, வேற வண்டியிலிருந்து எடுத்துச் சரிபண்ணி வச்சிருக்கிறதை வாங்குறதான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பட்டணத்துல இருக்கிற நம்ம நண்பர்கள் சில பேரும் இதே கேள்வியை போன்ல கேட்டிருக்காங்க. அதனால இது.

முதல்ல எங்க வண்டி என்ன வேலை செய்யுதுன்னு சொல்லணும். 2009 மாடல், நான் ரெண்டாவது கை. வாரத்துல மூணு நாள் விடியக்காலை ரெண்டரை மணிக்குக் காய் ஏத்திக்கிட்டு கோயம்பேடு போகும். ரெண்டு நாள் அம்மாவைத் திருவள்ளூருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிடும். அம்மா பின் சீட்டில் படுத்தபடி வருவாங்க, பேசக்கூடத் தெம்பு இருக்காது. அந்த நேரத்துல ரோட்டோரம் வண்டி நின்னா என்ன ஆகும்னு நான் விவரிக்க வேண்டியதில்லை. காய் ஒரு நாள் வாடினால் நஷ்டம், அவ்வளவுதான். இது அப்படி இல்லை.

டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரிஞ்சா நிறையப் பேர் பேட்டரி கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறாங்க. பேட்டரிக்குச் சார்ஜ் போகலைன்னு அதுக்கு அர்த்தம். வண்டி அப்போதும் ஓடும். அதுதான் ஏமாத்து. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு 55 வாட், ரெண்டுக்கு 110. பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் ஒன்பது ஆம்பியர். இஞ்சினுக்கான கரண்ட், பின் லைட், மழை வந்தால் வைப்பர் எல்லாம் சேர்த்தா பதினஞ்சு பக்கம் வந்துடும். ஆம்னி மாதிரிச் சின்ன வண்டியில இருக்கிறது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. அதுவும் ரெண்டு வருஷப் பழசுன்னா ஒன்றரை மணி நேரம் தாங்கினா பெரிய விஷயம். எங்க ஊரிலிருந்து கோயம்பேடு போக ரெண்டரை மணி நேரம். எங்கே நிற்கும்னு நீங்களே கணக்குப் பண்ணிக்கலாம்.

நான் லைட்டைப் பார்த்ததும் பகலிலேயே நேரா பாய் கடைக்குப் போயிட்டேன். பாய்க்கு அறுபது வயசு தாண்டிடுச்சு. கடையில பாதி வண்டி நகரி, புத்தூர்ப் பக்கத்து ஆந்திரா வண்டி. ஒரு வாய் தமிழ், ஒரு வாய் தெலுங்கு. "இன்னாண்ணா, லைட்டு எரியுதா?" என்று கேட்டுக்கிட்டே மீட்டரை எடுத்து பேட்டரியில வச்சார். வண்டி நிற்கும்போது 12.2. ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டர் கொடுத்தும் அதே 12.2. நல்லா இருந்தா 13.8லிருந்து 14.5க்குள்ள ஏறணும்.

அதோடு அவர் டைனமோவைக் கழட்டிடலை. முதல்ல பெல்ட்டை விரலால அழுத்திப் பார்த்தார். அப்புறம் எர்த் வயர், அப்புறம் ஃபியூஸ். இதை ஏன் சொல்றேன்னா, தளர்ந்துபோன பெல்ட்டுக்காக முழு டைனமோ மாத்தினவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர் இருக்காங்க. இன்னொன்று, வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டிவிட்டு, இஞ்சின் நின்னா டைனமோ போச்சுன்னு சொல்ற மெக்கானிக் இன்னும் இருக்காங்க. அம்பாசிடர் காலத்துப் பழக்கம். கம்ப்யூட்டர் வச்ச வண்டியில அப்படிக் கழட்டினா வோல்டேஜ் எகிறி, நல்லா இருக்கிற டையோடும், சில சமயம் அந்தக் கம்ப்யூட்டரும் போயிடும். உங்க வண்டியில யாராவது ஸ்பானரோட டெர்மினல் பக்கம் போனா கையைப் பிடிச்சுக்குங்க.

ஆம்னியில முன் சீட்டைத் தூக்கினாத்தான் இஞ்சின். அந்தச் சூட்டுக்குள்ளேயே டைனமோவும் வேகுது. கழட்டி எடுத்து பெஞ்ச் மேல வச்சதும் விலை பேச்சு ஆரம்பிச்சது.

கம்பெனிப் புதுசு 8,500 ரூபாய், சென்னையிலிருந்து வர ரெண்டு நாள் ஆகும். ஆம்னி உற்பத்தியை 2019லேயே நிறுத்திட்டாங்க, அதனால எல்லாக் கடையிலும் கையில இருக்காது. பேர் தெரியாத கம்பெனிப் புதுசு 4,200, அரக்கோணத்திலிருந்து சாயந்திரமே வந்துடும். வேற வண்டியில கழட்டிச் சரிபண்ணி வச்சது 3,200, பழசைக் கொடுத்துட்டு உடனே மாட்டிக்கலாம். நாலாவது, நம்மதையே பிரிச்சுச் சரிபண்றது. என்ன செலவுன்னு பிரிச்சாத்தான் தெரியும், நாளைக்குச் சாயந்திரம் கிடைக்கும்.

பட்டணத்துல இந்த நாலாவது வழியைப் பெரும்பாலும் யாரும் சொல்றதே இல்லை. 'புதுசா, ரீகண்டிஷனா' என்று ரெண்டு மட்டும்தான் கேட்பாங்க. ஆனா ரீகண்டிஷன்னு ஒரு சொல்லுக்குள்ளேயே ரெண்டு வேற வேற விஷயம் இருக்கு. நம்ம சாமானை நம்ம கண் முன்னாடி பிரிச்சுச் சரிபண்றது ஒன்று. யாரோ பயன்படுத்தினதை யாரோ சரிபண்ணி, வெள்ளி பெயின்ட் அடிச்சு அலமாரியில வச்சிருக்கிறதை வாங்குறது இன்னொன்று. சந்தையில் மாடு பிடிச்சவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். நம்ம வீட்டு மாட்டுக்கு எந்த வருஷம் என்ன நோய் வந்ததுன்னு நமக்குத் தெரியும். சந்தை மாட்டுக்குக் கொம்பு சீவி, எண்ணெய் தடவி நிறுத்தியிருப்பாங்க.

வெளிநாட்டில் அலமாரி ரகம் மோசமில்லை. அமெரிக்காவில் கார் பாகம் விற்கிற கடைகளில் சரிபண்ணின ஆல்டர்னேட்டர் வாங்கினா, பழசைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் ஒரு டெபாசிட் பிடிச்சு வச்சிருப்பாங்க. அந்தப் பழசெல்லாம் பெரிய தொழிற்சாலைக்குப் போகும். முழுசாகப் பிரிச்சு, கழுவி, தேயுற பாகமெல்லாம் மாத்தி, லோடு கொடுத்துச் சோதிச்சு, பெட்டியில போட்டு வரும். நம்ம ஊர்லயும் பொறுப்பா செய்றவங்க இருக்காங்க. ஆனா கார்பனை மட்டும் மாத்திப் பெயின்ட் அடிக்கிறவங்களும் இருக்காங்க. வெளியிலிருந்து பார்த்தா ரெண்டும் ஒரே பளபளப்பு. புதுப்பேட்டையில வாங்கினாலும் சரி, எங்க வாங்கினாலும் சரி, கையால சுத்திப் பாருங்க. கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் பழசு. உள்ளே எதெது மாத்தினீங்கன்னு கேளுங்க. பதில் சொல்லத் தடுமாறினா வேண்டாம்.

பாய் எங்க டைனமோவைப் பிரிச்சார். இந்த வேலையை நான் சின்ன வயசிலிருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன், கிணத்து மோட்டார்ல. வோல்டேஜ் குறைஞ்சு மோட்டார் எரிஞ்சா, திருத்தணிக்குத் தூக்கிட்டு வந்து காயில் கட்டிட்டுப் போவோம். விவசாயி வீட்டில் ரீகண்டிஷன் பற்றிப் பாடம் நடத்தவே வேண்டாம். கம்பெனியில கட்டின காயில் மாதிரி மறுபடி கட்டினது இருக்காது. எரிஞ்ச காயிலைப் பிரிக்கத் தீயில போட்டுச் சூடாக்குவாங்க, அதில் உள்ளே இருக்கிற இரும்புத் தகடு கெட்டுப்போகும். அப்புறம் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடாகும். எங்களுக்கு விவசாயக் கரண்ட் இலவசம். அதனால மூணு தடவை கட்டின மோட்டார் எவ்வளவு வீணாக்குதுன்னு எந்த பில்லும் சொல்லாது. காரில் அப்படி மறைக்க முடியாது. சார்ஜ் குறைஞ்சா பேட்டரி சீக்கிரம் செத்துக் காட்டிக்கொடுக்கும்.

அதனால நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "பாய், காயில் எப்படி இருக்கு?"

முகர்ந்து பார்த்தார். மீட்டர் வச்சுப் பார்த்தார். என்கிட்டயும் நீட்டினார். கம்பி செம்பு நிறம் மாறாம, வார்னிஷ் கருகாம இருந்தது. தேஞ்சது கார்பன். ரெண்டும் நகக்கண் அளவுக்குத் தேஞ்சு, சுழல்ற ஸ்லிப் ரிங்கைத் தொடவே இல்லை. ரெகுலேட்டரும் போயிருந்தது. பின் பேரிங் லேசா ஆடிச்சு. டையோடு பிளேட் நல்லா இருந்தது.

"காயில் எரிஞ்சிருந்தா நானே புதுசு போடுன்னு சொல்லிடுவேன்ணா. இதுக்குப் புதுசு வாங்கினா நான் தடுக்கமாட்டேன், ஆனா இதைத் தூக்கிப் போட மனசு வராது" என்றார்.

ரெண்டு பேரிங் 380, ரெகுலேட்டர் கார்பனோட 750, ஸ்லிப் ரிங் 250, கூலி 600. ஆக 1,980 ரூபாய். நான் இதையே செய்யச் சொன்னேன். விலை குறைவுங்கிறது காரணம் இல்லை. அம்மா விஷயத்துல ஆறாயிரம் ரூபாய் பெரிசில்லை, கடன் வாங்கியாவது போட்டிருப்பேன். 4,200 ரூபாய்ப் புதுசைக் கையில பிடிச்சுப் பார்த்தேன், எங்க பழசைவிட எடை குறைவா இருந்தது. எடை மட்டும் பார்த்து ஒரு சாமானைத் தீர்மானிக்கக்கூடாதுதான், இருந்தாலும் உள்ளே என்ன இருக்குன்னு சொல்ல ஆள் இல்லாதப்போ கை சொல்றதைத்தான் கேட்கவேண்டியிருக்கு. கம்பெனிப் புதுசு நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை. சென்னை பாடியில 1961லிருந்து லூகாஸ் டி.வி.எஸ். இருக்கு, நல்ல ஆல்டர்னேட்டர் செய்ற கை இந்தத் தமிழ்நாட்டுலயே இருக்கு. ஆனா பதினஞ்சு வருஷம் ஓடின கம்பெனிக் காயில் ஒன்று இன்னமும் நல்லா இருக்கும்போது, தேஞ்சதை மட்டும் மாத்தினா அதுவும் கம்பெனி சாமான்தான்.

வாரன்டி பற்றியும் சொல்லணும். புதுசுக்கு அட்டை கொடுப்பாங்க. அந்த அட்டைக்குச் சென்னைக்குத்தான் போகணும். பாய் பில்லுக்குப் பின்னாடி 'ஆறு மாதம்' என்று எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். கடை எங்க வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினா எடுப்பார். திருவள்ளூர் ரோட்டில் வண்டி நின்னா எனக்கு உதவுறது அட்டையா, பாயா?

மறுநாள் சாயந்திரம் மாட்டி, ஹெட்லைட், வைப்பர், உள் லைட் எல்லாம் போட்டு மீட்டர் வச்சோம். 14.2. லோடு இல்லாம பார்த்துட்டு விட்டுடக்கூடாது, இது முக்கியம். மறுநாள் காலையிலும் வண்டி எடுக்குமுன்ன பேட்டரியைப் பார்த்தேன், 12.6. டையோடு கசிஞ்சா வண்டி நிற்கும்போதே ராத்திரியெல்லாம் பேட்டரி இறங்கும். அப்படி இறங்கலை.

உங்க வண்டிக்கு இதே தான் வழின்னு சொல்லமாட்டேன். இப்ப வர்ற கார்கள் பலதுல எவ்வளவு சார்ஜ் போகணும்னு இஞ்சின் கம்ப்யூட்டரே உத்தரவு போடுது. மாருதி 2015ல் சியாஸ்ல கொண்டுவந்த ஹைபிரிட் ரகத்துல ஆல்டர்னேட்டரே இஞ்சினை ஸ்டார்ட் பண்ற வேலையும் பார்க்குது. அந்த மாதிரி வண்டியை வச்சிருக்கிறவங்க, அதுக்கான சோதனைக் கருவி இல்லாத கடையில பிரிக்க விடாதீங்க. கம்பெனிப் புதுசே போட்டுடுங்க. காயில் கருகினதுக்கும் அதே. பாயே சொல்றார், "அந்த வண்டியெல்லாம் என்கிட்ட வரவேணாம்ணா, கெடுத்துடுவேன்." அவர் பையன் படிச்சுட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போறான். கடையில இப்ப ஒரு நகரிப் பையன் மட்டும் உதவிக்கு இருக்கான்.

பதினாலு மாசம் ஆச்சு. ஆயில் மாத்தும்போதெல்லாம் பாய் கேட்காமலே மீட்டரை வச்சுப் பார்ப்பார். போன வாரம் 14.1. பெல்ட்தான் லேசா விரிசல் விட்டிருக்குன்னு சொன்னார், 280 ரூபாய்க்குப் புதுசு போட்டாச்சு. பெல்ட்டுல ரீகண்டிஷன் கிடையாது.