மூணாறில் ரயில் நின்ற இடம்

மூணாறு நகரத்துக்குள் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. டாடா டீயின் மண்டல அலுவலகம் என்று ஊரார் அறிந்த பழைய கட்டடம்தான் அது. அதன் முன்னால் போகும் சாலை, தண்டவாளம் கிடந்த தடத்தின் மேல் போடப்பட்டது. மாட்டுப்பட்டிக்கும் எக்கோ பாயிண்ட்டுக்கும் விரைகிற வண்டிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இடுக்கி மாவட்டத்தில் இன்று பயணிகள் ரயில் எதுவும் ஓடுவதில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலை உச்சியில் நீராவி எஞ்சின் புகைவிட்டு ஓடியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று அதற்குப் பெயர். மூணாறில் புறப்பட்டு, மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் போய் நிற்கும்.

முதலில், 1902இல், அங்கே போட்டது ஒற்றைத் தண்டவாளம். பெட்டியின் எடையில் பெரும்பகுதியை அந்த ஒரே தண்டவாளம் தாங்கும். சைக்கிள் பழகும் குழந்தைக்குப் பக்கத்தில் சின்னச் சக்கரம் மாட்டுவதுபோல, பெட்டி சாய்ந்துவிடாமல் ஒருபக்கம் ஒரு சக்கரம் தரையில் உருண்டு வரும். இழுத்தது காளைமாடு. பஞ்சாபில் பட்டியாலா சமஸ்தானம் இதே முறையில் ரயில் விட்டது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். 1908இல் மூணாறுக்காரர்கள் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலக் குறும்பாதை போட்டு எஞ்சினைக் கொண்டுவந்தார்கள்.

வேறெந்த ரயில் பாதையோடும் சேராமல், மலைமேல் தனியாக ஒரு ரயில் எதற்கு? தேயிலைக்காக. 1897இல் உருவான கண்ணன் தேவன் கம்பெனியின் பெட்டிகள் கடலைத் தொட வேண்டுமானால், அன்றைக்கு வாகான வழி கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம்தான் இருந்தது. டாப் ஸ்டேஷனோடு மலை செங்குத்தாக இறங்கிவிடும்; அதற்குமேல் ரயில் போகாது. அங்கிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டக்குடிக்கு, பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கின. அப்புறம் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். தோட்டத் தொழிலாளிகள் தின்ற அரிசி இதே வழியில் மேலே ஏறியது. அந்தத் தொழிலாளிகளோ, கங்காணிகள் பின்னால் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் மலையேறி வந்தவர்கள். இன்றும் லயங்களில் அவர்கள் பேரப்பிள்ளைகளின் தமிழ் கேட்கிறது.

1924 ஆடி மாதம் வந்த பெருவெள்ளத்தில் எல்லாம் முடிந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளம் முழுவதும் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே நினைவு வைத்திருக்கிறது. மலை சரிந்தது, மரங்கள் வேரோடு வந்து ஆற்றை அடைத்தன. பாதை, பாலங்கள், நிலையங்கள் எல்லாம் போயின. மாங்குளம் வழியாக ஆலுவாய்க்குப் போன பழைய சாலையும் அழிந்தது. சாலையைப் பிறகு நேரியமங்கலம் வழியாகப் புதிதாகப் போட்டார்கள். அங்கே பெரியாற்றுப் பாலம் திறந்தது 1935இல். ரயிலை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை.

மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்த ஆண்டு 1928. மலைமேல் ஒன்று செத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு மலையடியில் மற்றொன்று பிறந்திருக்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் மூணாறு தேயிலை மாட்டுவண்டியையே அவ்வளவு நம்பியிருக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

மிச்சம் என்ன? நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். டாப் ஸ்டேஷனில் கம்பிவடப் பாதையின் சிதைவுகள் கிடக்கின்றன. பாலக்காட்டில் ஹைதர் அலி 1766இல் எழுப்பிய கோட்டையைத் தொல்லியல் துறை காக்கிறது, காக்கத்தான் வேண்டும். ஆனால் கூலிக்கு வந்தவர்கள் பாறை உடைத்துப் போட்ட பாதையும் அதே மரியாதைக்கு உரியதுதான். மூணாறின் பழைய நிலையம் முதல் டாப் ஸ்டேஷன் வரை, ரயில் நின்ற ஒவ்வொரு இடத்திலும் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

அந்த ரயிலைக் கண்ணால் கண்டவர்கள் இன்று இல்லை. உங்கள் தாத்தாவோ பாட்டியோ மூணாறு மலையில் வேலை பார்த்தவர்கள் என்றால், வீட்டுப் பெட்டியில் பழைய புகைப்படமோ கடிதமோ சம்பளச் சீட்டோ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நகலெடுத்து, அருகிலுள்ள கல்லூரி நூலகத்துக்கோ அந்த அருங்காட்சியகத்துக்கோ கொடுத்துவையுங்கள்.