பழைய புல்லட்டுக்கு முதலில் லேத், பிறகு பெயின்ட்

1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் புல்லட்டின் அதே வார்ப்பிரும்பு இன்ஜினைப் பெரிய மாற்றமின்றித் தயாரித்தது. பழுது பார்த்துப் பார்த்து ஓட்டக்கூடிய வண்டி அது. சிலிண்டர் தேய்ந்தால் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்தலாம். கனெக்டிங் ராடின் புஷ்ஷை மாற்றலாம். இக்னிஷன் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைக்கலாம். இதற்கு வேண்டியது லேத்தும் அளவு தெரிந்த கையும். அவை கும்மிடிப்பூண்டி, அம்பத்தூர், திருவள்ளூர் பக்கம் இன்னும் இருக்கின்றன. ஆனால் நாம் செலவைத் தொடங்குவது குரோமிலும் பெயின்டிலும். ஆயில் பம்ப் சரியாக வேலை செய்யாத இன்ஜினை எந்தப் பளபளப்பும் காப்பாற்றாது.

“எல்லாம் புதிதாகவே கிடைக்கிறதே, பழையதை ஏன் கடைய வேண்டும்?” என்பார்கள். பேரிங், ஆயில் சீல், பிரேக் ஷூ கட்டாயம் புதிதாகவே இருக்கட்டும்; அதில் சிக்கனம் உயிருக்கு ஆபத்து. கிராங்க் கேஸ் கதை வேறு. இன்ஜின் எண் அதில்தான் இருக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும்போது எண்கள் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். பழைய வண்டி புகை கக்கும் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. அதற்கும் மருந்து இன்ஜின் வேலைதான்: தேய்ந்த பிஸ்டன் ரிங், வால்வு கைடு வழியே ஆயில் கசிந்து எரிவதால்தான் நீலப்புகை வருகிறது. வீட்டில் புல்லட் நிற்கிறதா? பெயின்டரிடம் போகுமுன் ஒரு நல்ல லேத் பட்டறைக்குப் போங்கள்.